ஏரிப் புடவைக்கு நான் போட்ட கையெழுத்து

ஒரு புடவை டிசைன் கிராஃபில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நொடி போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை. தி.நகரில் நான் வேலை பார்க்கிற பட்டுக் கம்பெனியில் இதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாரத்துக்குப் பதினைந்து கிராஃபாவது என் மேசைக்கு வருகிறது. பார்த்து, தப்பைச் சுழித்து, திருப்பி அனுப்புகிறேன். "சங்கரி மேடம் கண்ணுல ஒண்ணும் தப்பாது" என்று புதிதாக வந்த பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து கைகழுவப் போய்விடுவேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், டிசைன் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கிராஃபில் தப்பைப் பார்த்தேன். அதே மூன்று நொடிதான் ஆனது. பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

கல்லூரி காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பெங்களூர் ரோட்டின் மேல். நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா கந்தன் நெசவாளி. வீட்டின் முன்கட்டே தறிதான். தறியைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்கே போக வேண்டும். அதனால் டெக்ஸ்டைல் டிசைன் வகுப்பில் முதல் வருஷம் முழுக்க நான் மகாராணி. மற்ற பிள்ளைகள் நீள நூலான பாவு எது, குறுக்கு நூலான ஊடை எது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் ஜன்னல் வழியாக லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. தெரியவும் தெரியும், அதுதான் பிரச்சினை.

ஏனென்றால் வரையச் சொன்னால் என் கை அன்னத்தைத்தான் வரைந்தது. அன்னம், மயில் சக்கரம், மல்லிமொக்கு, மறுபடியும் அன்னம். எங்கள் துறைத் தலைவர் கிறிஸ்டோபர் சார் என் தாள்களைப் புரட்டிவிட்டு ஒருநாள் எல்லார் முன்னிலும் சொன்னார், உனக்குத் தெரிஞ்சது நிறைய, பார்க்கிறது கம்மி என்று. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். 

பார்க்கத் தெரிந்தவள் தர்ஷினி. முழுப் பெயர் பிரியதர்ஷினி, மாகறலில் விவசாயக் குடும்பம். தறியைக் கல்லூரியில்தான் முதன்முதலில் பார்த்தாள். ஆனால் கையில் பென்சில் இருந்தால் அவளுக்கு ஊரே தாளில் வந்துவிடும். என் பக்கத்து நாற்காலி, என் டிபன் பாக்ஸில் பாதி, பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு என்னோடு தினமும் சண்டை. எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

கடைசி வருஷத்துக்கு ஒரு புடவை. நாமே டிசைன் செய்ய வேண்டும். ஒரு நெசவாளி அதை நெய்து தருவார். வெளியிலிருந்து ஆள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். அந்த வருஷம் வரப்போவது சென்னைப் பட்டுக் கம்பெனி ஒன்றின் மேலாளர் அம்மா. முதலாவது வருகிற புடவைக்குரியவளை ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள், பிறகு வேலையும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். துறையில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் அந்த ஒரே இடத்தின் மேல்தான் கண்.

தர்ஷினி ஏரிகளை எடுத்துக்கொண்டாள். போனில் மேப்பைத் திறந்து, எங்கள் சுற்றுவட்டாரத்து ஏரிகளை மேலிருந்து பார்த்து, ஒவ்வொன்றின் வடிவத்தையும் அப்படியே புட்டாவாக, புடவை உடம்பில் சிதறி வரும் உருவமாக வரைந்தாள். மாகறல் ஏரி, கூரத்து ஏரி, திருப்புட்குழி ஏரி என்று இருபத்தொரு ஏரி, ஒன்று போல ஒன்று இல்லை. கருநீல உடம்பில் அத்தனையும் கெட்டி ஜரிகை. மழை நின்றதும் வெயில் அடிக்கிற நேரத்து ஏரி என்றாள். முதல் தடவை பார்த்தபோது ஒவ்வொரு ஏரியாக விரல் வைத்து எண்ணினேன். இருபது வருஷம் அந்த ஏரிக்கரைகள் மேல் பஸ்ஸில் போய் வந்தவள் நான்.

புடவை டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவோம். நிரப்பிய கட்டத்தில் ஜரிகை மேலே தெரியும். பெரிய இடத்தை நிரப்பும்போது நடுநடுவே ஒரு வெற்றுக் கட்டம் விட்டாக வேண்டும். அந்த இடத்தில் பாவு நூல் மேலே வந்து ஜரிகையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விடாவிட்டால் ஜரிகை பிடிமானம் இல்லாமல் நீளமாகத் தொங்கும். வளையல் பட்டால் கையோடு வரும். கல்லூரியில் இதை ஒரே ஒரு வகுப்பில், ஸ்லைடு போட்டுச் சொன்னார்கள். எனக்கு யாரும் சொன்னதாக நினைவில்லை, ஆனால் எப்போதும் தெரியும்.

தர்ஷினி ஏரிகளில் வெற்றுக் கட்டமே விடவில்லை. தண்ணீரில் ஓட்டை தெரியும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. கிராஃப் வரைந்தவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. வேறொருவர் பார்த்து, கீழே வலது ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல், டிசைனைத் தறிக்குச் சொல்லும் துளை அட்டையைக் குத்த மாட்டார்கள். பின்னால் கிராஃபில் தப்பு என்று தெரிந்தால், வரைந்தவரை யாரும் கேட்பதில்லை, கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்பார்கள். இதைத் தர்ஷினிக்குச் சொன்னதே நான்தான். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதனால்தான் கிராஃபைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலும் புதிதாக வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். உன்னைத் தவிர யாருக்கு இது தெரியப் போகிறது, நல்லாப் பார்த்துச் சொல்லு என்றாள்.

பார்த்தேன். தப்பு பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறந்தால் இரண்டு நாள் வேலை, சரியாகிவிடும், அவள் முதலாவது வருவாள். நான் என் அன்னங்களோடு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் நினைத்தேன். கல்லூரியில் எங்கள் தெரு வழக்கம் யாருக்குத் தெரியும், தப்பு வந்தால் வரைந்தவள் தலையில் விடியும் என்றும் நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். கட்டிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னாள்.

அடுத்த வாரம் கிறிஸ்டோபர் சார் யார் புடவையை யார் நெய்வது என்று பட்டியல் போட்டார். சொந்த வீட்டுத் தறியில் நெய்யக் கூடாது என்பது விதி. என் அன்னப் புடவை எங்கள் தெரு மாணிக்கவாசகம் மாமாவுக்குப் போயிற்று. தர்ஷினியின் ஏரிப் புடவை என் அப்பாவுக்கு வந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்லூரியில் இரண்டு தறி வாங்கிப் போட்டு, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அந்தத் தறிகளுக்கு ஒரு மாஸ்டர் போடுவதென்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. கிறிஸ்டோபர் சார் அப்பாவின் பெயரைச் சொல்லியிருந்தார். நல்ல டிசைன் ஒன்றை அவர் கையில் கொடுத்து, வந்தவர்கள் முன்னால் காட்டினால் வேலை உறுதி என்று என்னிடமே சொன்னார். அப்பாவுக்குத் தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி இரண்டும் போயிருந்தது. இனிமேல் நின்றுகொண்டு வேலை, மாசம் பிறந்தால் சம்பளம். அம்மா காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா இரண்டு முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டார். "வாத்தியார் வர்றாரு, வழிய வுடு" என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். அவருக்கு அந்தக் கிண்டல் இனித்தது.

எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. அட்டை குத்தி, தறியில் ஏற்றி, அப்பா முதல் ஏரியை நெய்ய ஆரம்பித்த அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். கிராஃப் தாளை விரித்து வைத்திருந்தார்.

"இந்த எடத்துல ஜரிகையப் புடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே பாப்பா. நீ பாத்துட்டுத்தான் கையெழுத்து போட்டியா?"

"பாத்துட்டுத்தான்பா போட்டேன். அது அப்படித்தான் இருக்கணுமாம். அவ கான்செப்ட் அது."

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.  பிறகு காலேஜ் டிசைன் அப்படித்தான் இருக்கும்போல என்று சொல்லிவிட்டு ஊடை நூல் ஓடும் நாடாவை எடுத்தார். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அட்டைக்கான செலவும் நாலு நாளும்தான் போயிருக்கும். ஆனால் அந்தச் சிவப்புக் கையெழுத்துக்கு என்ன பதில் சொல்வது? அதை யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனேன். பஸ்ஸில் தர்ஷினி எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள்.

மார்க் போடுகிற நாளில் அப்பா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கதவோரமாக நின்றார். நிர்வாகத்து ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மேசை மேல் விரித்த ஏரிப் புடவையைப் பார்த்ததும் சென்னையிலிருந்து வந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இந்த மாதிரி ஒன்றை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே கையால் தடவினார். அவர் மோதிரத்துக் கல்லில் ஒரு ஏரி மாட்டிக்கொண்டது. கையை எடுத்தார். ஜரிகை கூடவே வந்தது, நாலு விரற்கடை நீளத்துக்கு. இன்னொரு ஏரியை விரலால் நெருடிப் பார்த்தார். அதுவும் கழன்று எழும்பியது. அவர் முகம் மாறியது. இதை யார் கட்டுவார்கள் என்று கேட்டார். டிசைனில் கோளாறா, நெசவில் கோளாறா என்றும் கேட்டார்.

தர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பதில் சொன்னாள். கிராஃப் சரியாகத்தான் இருக்கிறது, நெசவுக் குடும்பத்துப் பெண் சங்கரி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நீங்களே பாருங்கள் என்று தாளை எடுக்கக் குனிந்தாள்.  அந்தத் தாளை விவரம் தெரிந்தவர் யார் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

கதவோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"தப்பு என்னுதுங்க. ஊடையத் தளர்த்தி வுட்டுட்டேன். கிராஃப்ல ஒண்ணுமில்லீங்க."

யாரும் தாளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நிர்வாகத்து ஆள் ஒருவர் கிறிஸ்டோபர் சாரைப் பார்த்தார், சார் தரையைப் பார்த்தார். அப்பா எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அந்த மாஸ்டர் வேலை சேலத்து ஆள் ஒருவருக்குப் போயிற்று. தர்ஷினி பாஸ் ஆனாள், அவ்வளவுதான். என் அன்னங்கள் முதலாவது வந்தன, இந்தத் தி.நகர் வேலை எனக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து நான் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அப்பா புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதலாவது வந்தாயாமே என்றார். அம்மாவைப் பாயசம் வைக்கச் சொன்னார். நான் அந்தப் பாயசத்தைக் குடித்தேன். இதை எழுதும்போதே வாய் கசக்கிறது, ஆனால் குடித்தேன்.

எங்கள் தெருவில் அப்பாவைப் போல் இழுத்துப் பிடித்து நெய்கிறவர் இல்லை என்று பேர். ஊடையைத் தளர்த்தி விட்டார் என்ற கதை எப்படியோ வந்து சேர்ந்ததும் மாணிக்கவாசகம் மாமாவே நம்பவில்லை. கண்ணு போச்சாடா கந்தா என்று கேட்டார். ஆமாம், வயசாயிருச்சு என்று அப்பா சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்று.

ஆனால் ஒரு நல்லது நடந்தது. தர்ஷினி அதற்கடுத்து வந்த காணும் பொங்கலுக்கு வயலில் விளைந்த புது அரிசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு மாஸ்டர் வேலை கைநழுவிப் போனதற்குத் தன் புடவைதான் காரணம் என்று அவளுக்கு ஒரே வருத்தம். ஆயிரம் பேர் முன்னால் தப்பு என்னுதுன்னு சொல்ற மனுஷனை நான் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவரை அப்பா என்றே கூப்பிட்டாள். அடுத்த பொங்கலுக்கும் வந்தாள், ஆடிப்பூரத்துக்கும் வந்தாள், வழியில் வேலை என்றால் சும்மாவும் வந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை. குளியலறைச் சுவருக்குப் பூப் போடுகிறாள். அப்பா அவளிடம் டைல்ஸை எப்படிச் சுடுவார்கள் என்று ஒரு மணி நேரம் விசாரிப்பார். என்னிடம் என் வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அவள் வருகிறாள் என்றால் காலையிலேயே ஷேவ் செய்துகொள்வார்.

இந்த வருஷம் காணும் பொங்கலுக்கு வந்தபோது கல்யாணம் நிச்சயமான சேதியோடு வந்தாள். வைகாசியில் முகூர்த்தம். அரிசிப் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனைக் காட்டினாள். அந்தப் பழைய கிராஃபைப் படமெடுத்து வைத்திருந்தாள்.

"முகூர்த்தப் பொடவைக்கு இந்த ஏரியையே நீங்கதான் நெய்ஞ்சி குடுக்கணும்பா. ஒரு வாட்டி தப்பு வந்தா என்ன? எனக்கு உங்க கை மேல நம்பிக்க இருக்குது."

அப்பா போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். நெய்து தருகிறேன் என்றார். கிராஃபை மட்டும் ஒரு வாரம் தன்னிடம் கொடுத்துவை, பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஏரியிலும் வெற்றுக் கட்டத்தை அவரே சத்தமில்லாமல் விட்டுவிடுவார். புடவை அருமையாக வரும். இந்த முறை ஒழுங்காக நெய்தீர்கள் என்று தர்ஷினி அவருக்கு நன்றி சொல்வாள். அவரும் தலையாட்டி வாங்கிக்கொள்வார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. நாலு வருஷம் தாங்கினவளுக்கு அந்த நிமிஷம் தாங்கவில்லை.

"அப்பா மேல தப்பே இல்ல தர்ஷினி. கிராஃப்லதான் தப்பு. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

சொன்னதும் மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அது உண்மை. திட்டுவாள், அடிப்பாள், எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்குமா தெரியும்?"

தறியில் ஏற்றின அன்றே தெரியும் என்று அப்பா சொன்னார்.

"இவளுக்கு எம்மேல வயித்தெரிச்சல், அது எனக்கும் கொஞ்சம் தெரியும். நீங்க ஏம்பா சொல்லல? நான் போட்டது தப்புன்னே தெரியாம, என் பொடவையாலதான் உங்க வேல போச்சுன்னு நெனச்சி, இனிமே பொடவைக்கு வரையவே கூடாதுன்னு வுட்டுட்டேனே. நாலு வருஷமா இந்த வீட்டுக்கு வந்துக்கினு இருக்கேன். ஒரு வார்த்த சொல்லலியே."

"எம் பொண்ணாச்சேம்மா" என்றார் அப்பா.

"நானும் உங்கள அப்பான்னுதான கூப்புட்டுக்கினு இருந்தேன்."

 தர்ஷினி எழுந்தாள். அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனாள். அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தாள். நான் வாசலில் நின்றேன். பின்னாலேயே ஓடியிருக்கலாம், ஓடவில்லை.

உள்ளே வந்தபோது அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு யாருக்காக சொன்ன?" என்று கேட்டார்.

உனக்காகத்தான்பா என்றேன்.

"அந்த வேல போச்சு, பேரு போச்சு, அதெல்லாம் எனக்குப் பழகிருச்சு. இந்தப் பொண்ணு வர்றது ஒண்ணு இருந்துச்சு." முட்டியைத் தடவிக்கொண்டார். "நீ சொன்னதுல தப்பில்ல. நான்தான் அன்னிக்கே தறிய நிறுத்தியிருக்கணும். உன் கொரல்லயே தெரிஞ்சிருச்சு, நீ பொய் சொல்றன்னு. தெரிஞ்சும் நெய்ஞ்சேன். தப்பு என்னுதுன்னு அங்க சொன்னது பொய்யில்ல."

அழுதேன்.  அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அப்பா எழுந்து போனார்.

அதற்குப் பிறகு தர்ஷினிக்கு எத்தனையோ முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எழுதி அனுப்பினேன், படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மாகறலுக்கே போய் நிற்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அங்கே போய் என்ன சொல்வேன்? உன்னிடம் சொன்னதையும் எனக்காகத்தான் சொன்னேன் என்றா? பஸ் வந்தது, போயிற்று. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சித்திரை போய் வைகாசி வந்தது. கல்யாணப் பத்திரிகை வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஊருக்கு வரும்போது அம்மாவிடம் கேட்பேன், தபால் ஏதாவது வந்ததா என்று. அப்பா எதிரில் இருந்தால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

முகூர்த்த நாள் எனக்கும் நினைவிருந்தது. லீவு போட்டுவிட்டு முதல் நாளே வீட்டுக்கு வந்திருந்தேன்.  காலையில் பார்த்தால் அப்பா ஷேவ் செய்து, குளித்து, விபூதி இட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தார். கடைக்குக் கொடுக்க வேண்டிய அரக்குப் புடவை ஒன்று பாதியில் இருந்தது. நெய்துகொண்டே இருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவருக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுத்தேன்.

ஒன்பதரை மணிக்குத் தறியை நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்க" என்றார். பிறகு, என்னிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில், "பொடவைய யார் நெய்ஞ்சாங்களோ. நல்லா வந்திருக்கணும்" என்றார்.